துருத்தியிலிருந்து டேர்போ வரை

உலைக்களத்துக் கொல்லன் இரும்பைக் காய்ச்சும்பொழுது கரியை மட்டும் நம்பியிருப்பதில்லை. துருத்தியை அழுத்திக் காற்றையும் ஊதுகிறான். கரி எவ்வளவு குவிந்திருந்தாலும், காற்றுப் போதாவிடின் நெருப்புப் புகைந்து கிடக்குமேயன்றிச் சுடர்விட்டு எரியாது. மோட்டார் வாகனத்தின் எஞ்சினும் ஓர் உலைக்களமே. எரிபொருள் அங்கே கரி; சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றே அதனை எரிய வைக்கிறது. காற்றை மிகுதியாக ஊட்டினால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், வலுவும் மிகும். டேர்போ எனப்படும் கருவியின் தத்துவம் இதுவே.

கல்முனைக் கரையில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுப்படிப்பு அன்று. கிழக்கே செல்லும் இரயில் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. மருதமுனைத் தறிகளில் நெய்த துணியும், சம்மாந்துறை வயல்களின் நெல்லும், சாய்ந்தமருதுக் கரையில் இறங்கும் மீனும் தூரத்துச் சந்தைகளை அடைவது வேனிலும் லொறியிலுமேயாம். கொழும்புக்குச் செல்லும் ஏ-4 வீதி அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கடலோரச் சமவெளியில் ஓடுகிறது. பின்னர் மேற்கே திரும்பி, மொனராகலையையும் வெல்லவாயாவையும் கடந்து, கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு மலையேறுகிறது. சமவெளியில் களைப்பறியாத வாகனமும் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கைவசமிருந்த பழைய வாகனமே பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. அத்தகைய வாகனத்துக்குப் புதுவலு ஊட்ட நினைப்பவர் டேர்போவை நாடுவது இயல்பு. ஆயினும் டேர்போ ஒரு வகையன்று; பல வகை. எதனைத் தெரிந்தெடுப்பது என்ற வினாவுக்கு அக்கருவியின் வரலாறே நல்ல விடை தருகிறது.

எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டலாம் என்ற எண்ணம் மோட்டார் வாகனத்தோடு உடன்பிறந்தது எனலாம். ஜெர்மானியரான கொட்லீப் டைம்லர் 1885 ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவ்வழியில் காற்றழுத்தியைச் சுழற்றுவதற்கு எஞ்சின் தன் வலுவிலேயே ஒரு பங்கைச் செலவிட வேண்டும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்துக்கொள்வது போன்றது அது. இக்குறையை நீக்க வழி கண்டவர் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்ஃபிரட் பியூக்கி. எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகைக்குழாய் வழியே வீணாய்ப் போகிறது. அந்தப் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சுழலியைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் காற்றழுத்தியைப் பொருத்தினால் என்ன? இவ்வெண்ணத்துக்கு அவர் 1905 இல் காப்புரிமை பெற்றார்.

எண்ணம் செயலாவதற்கு இருபது ஆண்டுகள் பிடித்தன. 1925 இல் பத்துச் சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றின் வலு, பியூக்கியின் கருவியினால் 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500 ஆக உயர்ந்தது. ‘பிரொய்சன்’, ‘ஹான்சஸ்டாட் டான்சிக்’ என்னும் இரு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் அது பயன்பட்டது. டேர்போவின் முதற் பெருவெற்றி வீதியில் அன்று, கடலில் கிடைத்தது என்பது கருதத்தக்கது. கப்பல் எஞ்சின் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும். அடிக்கடி நின்று புறப்படும் தொல்லை அதற்கில்லை. ஆகவே பெரிய சுழலி அதற்கு மிகப் பொருத்தமாயிற்று.

டேர்போ அடுத்து வேரூன்றிய இடம் ஆகாயம். உயரம் செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறையும். எஞ்சினின் வலுவும் குறையும். 1918 இல் அமெரிக்கப் பொறியியலாளர் சான்ஃபோர்ட் மொஸ், 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் மலையுச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுசென்று, தாழ்நிலத்தில் அது தந்த வலுவை டேர்போவின் துணையால் அங்கும் பெற்றுக் காட்டினார். இலங்கை மலைகளுக்கும் இவ்விதி பொருந்தும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு என்ற கணக்கில் சாதாரண எஞ்சின் வலு இழக்கிறது. 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் அது தன் வலுவில் ஆறிலொரு பங்கை இழந்து நிற்கும்.

சாதாரணக் காருக்கு டேர்போ வந்தபொழுதுதான் சிக்கலும் வந்தது. 1962 இல் அமெரிக்காவில் ‘ஒல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்’, ‘ஷெவர்லே கோர்வேர்’ ஆகிய கார்கள் டேர்போவுடன் விற்பனைக்கு வந்தன. ஜெட்ஃபயரின் எஞ்சினுக்குள் நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தை விசிறி வெப்பத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. உரிமையாளர் பலர் அத்திரவத்தை நிரப்ப மறந்தனர். 1963 உடன் அக்காரின் உற்பத்தி நின்றது. பல கார்களிலிருந்து டேர்போவே கழற்றப்பட்டது. கருவி எவ்வளவு சிறந்ததாயினும், அதன் பராமரிப்பு பயன்படுத்துவோரின் வழக்கத்துக்கு ஒத்துவராவிடின் நிலைக்காது என்ற பாடத்தை உலகம் அன்று கற்றது.

மற்றொரு குறை தாமதம். பெரிய சுழலியைச் சுழற்றப் புகை நிறைய வேண்டும். ஓட்டுநர் அக்சிலரேட்டரை மிதித்த பின்னரும் வலு சற்றுப் பொறுத்தே வரும். வந்தால் திடீரெனப் பாயும். 1973 இல் வெளிவந்த ‘பீ.எம்.டபிள்யூ. 2002 டேர்போ’ இக்குறையால் பேர்பெற்றது. சிறிய சுழலியோ உடனே சுழலும். ஆனால் எஞ்சின் வேகமாக ஓடும்பொழுது புகைக்கு வழி போதாமல் மூச்சுத் திணறும். டேர்போ வகைகளின் பிற்கால வரலாறு முழுவதும், இவ்விரு குறைகளுக்கும் இடையே சமரசம் தேடிய வரலாறே ஆகும்.

முதற் சமரசம் வேஸ்ட்கேட் என்னும் கதவு. குளத்தில் நீர் மட்டம் மீறினால் வான்கதவைத் திறந்து விடுவது வயற்காரர் அறிந்த முறை. அதுபோல, அழுத்தம் மிகும்பொழுது இக்கதவு திறந்து, புகையில் ஒரு பகுதியைச் சுழலியைத் தொடாமல் வெளியேற்றும். ஆகவே சிறிய சுழலியையே துணிந்து பொருத்தலாம். 1978 இல் சுவீடன் நாட்டு ‘சாப் 99 டேர்போ’ இம்முறையால் அன்றாட வாகனத்துக்கும் டேர்போ உகந்ததெனக் காட்டிற்று. அதே ஆண்டில் ‘மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.டி.’ டீசல் காருக்கும் டேர்போவைக் கொணர்ந்தது.

இரண்டாவது, இரட்டை வழிச் சுழலி. நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே குழாயில் கலந்தால் ஒன்றன் வேகத்தை மற்றொன்று கெடுக்கும். 1, 4 ஆம் சிலிண்டர்களின் புகையை ஒரு வழியாகவும், 2, 3 ஆம் சிலிண்டர்களின் புகையை மறு வழியாகவும் கொண்டுவந்தால் சுழலி விரைவில் விழித்துக்கொள்ளும். இக்கருத்தின் வித்து பியூக்கியின் காலத்துக் கப்பல் எஞ்சின்களிலேயே உண்டு. ஆனால் புகை வெளியேறும் மனிஃபோல்டும் இரண்டாகப் பிரிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் செலவிட்ட பணம் வீண்.

மூன்றாவது, மாறும் இதழ்களையுடைய சுழலி. வாய்க்காலை ஒடுக்கினால் நீர் விரைந்து பாயும். அகட்டினால் நிறைந்து பாயும். சுழலியைச் சூழ்ந்துள்ள சிறு இதழ்கள் குறைந்த வேகத்தில் வழியை ஒடுக்கியும், மிகுந்த வேகத்தில் அகட்டியும் சிறிய சுழலியாகவும் பெரிய சுழலியாகவும் அதனை மாற்றுகின்றன. பெற்றோல் எஞ்சினின் புகையைவிட டீசல் புகையின் வெப்பம் குறைவு; ஆதலால் இவ்வகை டீசல் வாகனங்களிலேயே மிகுதியாகப் பரவிற்று. அதன் பகை புகைக்கரி. ஊருக்குள்ளேயே மெல்ல ஓடி நிற்கும் வாகனத்தில் கரி படிந்து இதழ்கள் இறுகிவிடும்.

நான்காவது, சிறிதும் பெரிதும் முறைவைத்து உழைக்கும் இரட்டை டேர்போ. 1986 இல் ‘போர்ஷே 959’ காரில் புகழ்பெற்றது. அண்மையில் மின்மோட்டார் துணையுடன் சுழலும் வகையும் வந்துள்ளது. இவ்விரண்டும் தொழிற்சாலையில் எஞ்சினோடு சேர்த்து அமைக்கப்படுபவை. பழைய வாகனத்தில் பின்னர் பொருத்துவது பெருஞ்செலவும் பெருஞ்சிக்கலும் ஆகும்.

இவ்வரலாற்றைக் கல்முனை வீதியில் வைத்துப் பார்த்தால் தெரிவு தெளிவாகும். சுமையேற்றும் டீசல் வேன் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுகளில் உழைப்பது. 3,000 சுற்றுகளுக்கு மேல் விழித்தெழும் பெரிய டேர்போ பந்தயக் காருக்குப் பெருமை தரலாம். பெரகலை ஏற்றத்தில் நெல் மூட்டை சுமக்கும் வேனுக்கு அது பாரமே. ஊருக்குள் ஓடி நிற்பதே வழக்கமாயின் வேஸ்ட்கேட் உள்ள சிறிய டேர்போ எளிது, மலிவு, பழுதுபார்க்கவும் இலகு. மலையேறும் நெடும்பயணமே தொழிலாயின் மாறும் இதழ் வகை பயன் தரும். ஆனால் அதனை இயக்கும் கட்டுப்பாட்டு முறையும் அந்த எஞ்சினில் இருத்தல் வேண்டும். நான்கு சிலிண்டர் பெற்றோல் காருக்கு இரட்டை வழிச் சுழலி ஏற்றது. 660 சீ.சீ. கொண்ட சிறிய சுசுக்கி வாகனங்களில் தொழிற்சாலையே பொருத்திய சிறு டேர்போ, எஞ்சினின் அளவுக்கு ஏற்ற சுழலி என்ற விதிக்குச் சான்றாகும்.

எல்லாவற்றுக்கும் முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அந்த எஞ்சின் டேர்போவைத் தாங்குமா? பழைய டொயோட்டா ஹைஏஸ் வேன்களின் ‘3எல்’ எஞ்சின் டேர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று அமைந்தது. அது காற்றை ஏறத்தாழ 22 மடங்கு அழுத்துகிறது. பின்வந்த, தொழிற்சாலையிலேயே டேர்போ பெற்ற ‘2கே.டி.’ எஞ்சினில் இவ்வழுத்தம் 18 மடங்கு அளவிலேயே வைக்கப்பட்டுள்ளது. மிகுந்த அழுத்தத்தின் மேல் மேலும் காற்றைத் திணித்தால் பிஸ்டனும் கெஸ்கட்டும் முதலில் பலியாகும். தோற்றத்தில் ஒத்த இரு எஞ்சின்கள் தாங்கும் திறனில் ஒத்திருப்பதில்லை.

பொருத்திய பின்னர் பேணுதலும் வேண்டும். டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்களுக்கு மேலும் சுழலக்கூடியது. மெல்லிய எண்ணெய்ப் படலமே அதனைத் தாங்குகிறது. மலையேறி வந்தவுடன் எஞ்சினை நிறுத்தினால், நின்றுபோன எண்ணெய் அவ்வெப்பத்தில் கரியாகும். ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துவதே முறை. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலரைக் கடலோரத்து உப்புக்காற்று அரிக்கும். காற்று வடிகட்டி கிழிந்தால், உட்புகும் மணற்றுகள் காற்றழுத்தியின் இறகுகளைத் தேய்த்துவிடும்.

கப்பலுக்குப் பெரிய சுழலி. நகரக் காருக்குச் சிறிய சுழலி. மலையேறும் டீசலுக்கு மாறும் இதழ். ஒவ்வொன்றும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது. ஆகவே, அதிக குதிரைவலு தருவது எது என்று கேட்பவர் விற்பவரின் சொல்லை நம்ப நேரும். தம் வாகனம் எவ்வீதியில், எச்சுமையோடு, எந்த வேகத்தில் உழைக்கிறது என்று முதலில் கணக்கிடுபவருக்கோ விடை தம் கையிலேயே கிடைக்கும். கொல்லன் உலையின் அளவறிந்தே துருத்தியைத் தெரிகிறான். அளவு மீறி ஊதினால் இரும்பு பதப்படாது, எரிந்தே போகும்.