சட்டம் இயற்றுவோரும் தீர்ப்பு வழங்குவோரும்

ஏனைய சட்டங்கள் யாவும் எதிலிருந்து வலுப்பெறுகின்றனவோ, அத்தாய்ச் சட்டமே ஒரு நாட்டின் அரசியலமைப்பு எனப்படும். அது ஆட்சியாளர்க்கு அதிகாரத்தை வழங்குகின்றது; வழங்கும்போதே அதற்கு எல்லையும் வகுக்கின்றது. ஆட்சியின் கருமங்கள் மூன்று: சட்டம் இயற்றல், அதனை நடைமுறைப்படுத்தல், வழக்கை ஆராய்ந்து தீர்ப்பு வழங்கல். இம்மூன்றும் ஒரே கையிற் சேர்ந்தால் குடிமக்களின் சுதந்திரம் நிலையாது எனப் பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ 1748 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். தேர்வுக்காக இத்தத்துவத்தை மனனஞ் செய்யும் மாணவர், அது நம் நாட்டிலேயே சோதிக்கப்பட்ட வரலாற்றையும் அறிதல் நன்று.

1962 சனவரியில், இலங்கை அரசாங்கத்தைக் கவிழ்க்க இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் செய்த சதி வெளிப்பட்டது. அதன்மேற் பாராளுமன்றம் விசேட சட்டமொன்றை நிறைவேற்றியது. சதிக்குப் பின் பிறந்த அச்சட்டம், சனவரி முதலாந் திகதியிலிருந்தே வலுவுடையதாகக் கொள்ளப்பட்டது. யூரிகளின்றி மூன்று நீதிபதிகள் விசாரிக்கவும், அம்மூவரையும் நீதி அமைச்சரே பெயர் குறிக்கவும் அது இடமளித்தது. குற்றவாளியாகக் காணப்படுவோர்க்குப் பத்தாண்டுக்குக் குறையாத சிறையும் சொத்துப் பறிமுதலும் விதிக்கப்பட்டன.

அமைச்சர் பெயர் குறித்த மூவருள் நீதியரசர் ஸ்ரீஸ்கந்தராசாவும் ஒருவர். எந்த நீதிபதி விசாரிப்பது என்பதைத் தீர்மானித்தல் நீதித்துறைக்கே உரியது. ஆகவே தம்முடைய நியமனம் செல்லாது என, அம்மூவருமே அவ்வாண்டிற் தீர்ப்பளித்தனர்! பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. நீதிபதிகளைத் தெரியும் பொறுப்புப் பிரதம நீதியரசரிடம் சென்றது. வழக்கு நெடிது நடந்து, 1965 ஏப்பிரிலில், எதிரிகள் 24 பேருள் 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

அவர்கள் இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்தனர். சோல்பரி அரசியலமைப்பில், நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்று வெளிப்படையாக எழுதப்பட்ட வாசகம் இல்லை. ஆயினும், நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கும் நீதிபதிகளின் பதவிக்கும் அது அளித்த பாதுகாப்பினின்றும் அக்கருத்துத் தெளிவாகின்றது எனப் பிரிவிக் கவுன்சில் கொண்டது. அறியப்பட்ட சிலரை நோக்கி, அவர்களைத் தண்டித்தற்கென்றே இயற்றப்பட்ட சட்டம், சட்ட உருவில் வந்த தீர்ப்பே என்று கண்டு, 1965 டிசம்பரில் அவர்கள்மீதான தண்டனைகளை நீக்கிற்று.

சதிகாரர்க்கு இத்துணைப் பாதுகாப்பு எதற்கு எனச் சிலர் வினவலாம். இன்று வெறுக்கப்படுவோர்க்கென வளைக்கப்படும் சட்டம், நாளை குற்றமற்றவன் மீதும் பாயும் என்பதே அதற்கு விடை.

பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு 1971 இல் ஒழிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு, நிறைவேறிய சட்டத்தைச் செல்லாதெனக் கூறும் அதிகாரத்தை நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துவிட்டது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலும் அதே நிலைதான். சட்டமூலமாக இருக்கையிலேயே உயர் நீதிமன்றம் அதனை ஆராயலாம். செய்தபோது குற்றமல்லாத செயலுக்காக ஒருவரைப் பின்னர் தண்டித்தலை அதன் 13 ஆம் உறுப்புரை தடுக்கின்றது. எனினும், தேசியப் பாதுகாப்பை முன்னிட்டு அவ்வுரிமையைச் சட்டத்தால் மட்டுப்படுத்த 15 ஆம் உறுப்புரை இடமளிக்கின்றது.

ஆதலால், ஒரு சட்டமூலம் வரும்போதே அதனை வாசித்து ஆராயும் குடிமக்கள் இந்நாட்டுக்குத் தேவை. இன்றைய மாணவர் அத்தகைய குடிமக்களாக வளர்தல் வேண்டும்.