கெடாவின் நெல்லும் தோட்டத்தார் உலையும்

‘கடாரங் கொண்டான்’ என்னும் பட்டம் நம் மேடைகளில் முழங்கக் கேட்கிறோம். கி.பி. 1025-ஐ ஒட்டி இராசேந்திர சோழன் கப்பற்படை செலுத்திய கடாரமே இன்றைய கெடா. அரசன் வெற்றியைப் போற்றும் நாம், பிற்காலத்தே அம்மண்ணிற் பால் வெட்டச் சென்ற ஏழைத் தமிழன் எவ்வரிசியை உண்டான், அதனை யார் கையிற் பெற்றான் என வினவியதுண்டா? உலையின் வரலாறும் வரலாறே யாகும்.

கெடா நெல் விளையும் நாடு. அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கு நோக்கி வான் முகமது சமான் 1885-இல் தொடங்கி வெட்டுவித்த கால்வாய், சதுப்பு நிலத்தைக் கழனியாக்கிற்று. ஆயினும் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் உண்டது பெரும்பாலும் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கலரிசியே. அதனைப் பெறும் வாயில் தோட்டக் கடை. பல இடங்களிற் கங்காணியோ, அவருக்கு வேண்டியவரோ அக்கடையை நடத்தினர். வேலை வாங்குபவரே எடை போட்டுப் பற்றும் எழுதினால், எழுத்தறியாத் தொழிலாளி எவரிடம் முறையிடுவான்?

1918-இல் இந்தியாவிற் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. மறு ஆண்டு சயாமும் கதவடைத்தது. மலாயா முழுதும் அரிசி விலை ஏறவே, அரசாங்கம் அரிசி வரத்தையும் பங்கீட்டையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அப்பொழுதுதான் தோட்டத்தில் உணவுப் பயிர் வேண்டும் என்னும் எண்ணம் அதிகாரிகளுக்கு உதித்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம், குடும்பமுள்ள இந்தியத் தொழிலாளிக்கு ஏக்கரிற் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சற்றேறக்குறைய 2,700 சதுர அடி நிலம் பயிர் செய்ய ஒதுக்குமாறு விதித்தது. ஆனால் அச்சட்டம் கூட்டு மலாய் நாடுகளுக்கு உரியது. கெடாவோ அக்கூட்டிற் சேராத நாடு.

ஜப்பானியர் ஆட்சியில் ரங்கூன் அரிசி வரவு அற்றது. 1943 அக்டோபரிற் கெடா சயாமின் கைக்கு மாற்றப்பட்டது. ஆட்சிகள் மாறின, தோட்டத்து ஏழைக்கு மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று.

நிற்க. 1966-இல் தொடங்கிய மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் சுமார் 2,40,000 ஏக்கர் இருபோகம் காணலாயிற்று. ஆயினும் மலேசியா தன் அரிசித் தேவை முழுவதையும் தானே விளைத்துக்கொள்ளவில்லை. இறக்குமதி உரிமை 1996 முதல் பெர்னாஸ் என்னும் ஒரே நிறுவனத்திடம் உள்ளது. 2031 வரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆயிற்று. நூறாண்டு கடந்தும் உலை நடுங்கிய விதம் ஒன்றே!

இதனால் நாம் அறிவது யாது? நெல் பெருகினால் மட்டும் பசி தீராது. விலையையும் பங்கீட்டையும் வகுக்கும் இடத்தில் உண்பவனுக்கும் உழுபவனுக்கும் இருக்கை வேண்டும். 1960-இல் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தாற் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தையே வாங்கியது. தோட்டத்தையே வாங்க வல்ல கைகளுக்கு, அரிசிக் கடையின் கணக்கைக் கேட்கும் வலிமை இல்லையா? ஊர்தோறும் கூட்டுறவுக் கடையும், அதன் கணக்கைப் பலரறியப் படிக்கும் வழக்கமும் எழுக. கடாரத்தை நாம் மீண்டும் கொள்ள வேண்டுவதில்லை. கணக்கைக் கேட்கக் கற்றாற் போதும்.