எண்ணூருக்குப் போன விருந்தாளிகள்

உதகமண்டலத்தைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. குற்றாலத்தைப் பற்றிப் பேசாத எழுத்தாளர் இல்லை. ஆனால் சென்னைப் பட்டணத்து மனிதர்கள் ஒரு காலத்தில் நல்ல காற்று வாங்குவதற்காகக் கூடாரமும் கையுமாய் எண்ணூருக்குப் போனார்கள் என்று சொன்னால், வாசகர்கள் என்னைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். "எண்ணூரா? அந்தப் புகைபோக்கிகளுக்கு நடுவிலா?" என்பார்கள். ஆம், சாட்சாத் அதே எண்ணூர்தான்.

ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரமாக வடக்கே போனால், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில் அந்த ஊர் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவே ஒரு மணல் திட்டு. கோடையில் கடல் மணலைக் கொண்டு வந்து போட்டு முகத்துவாரத்தை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு அதை உடைத்துக் கொண்டு போகும். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் இப்படிக் கலக்கிற இடம் இறாலுக்கும் நண்டுக்கும் தாய் வீடு. (இந்த ஆற்றைத்தான் 1944-இல் பூண்டியில் தேக்கினார்கள். பட்டணத்தார் குடிப்பது இதன் தலைமாட்டுத் தண்ணீர். விளையாடப் போனது இதன் கால்மாட்டில்.)

எண்ணூரைச் சேர்ந்த கத்திவாக்கம், கம்பெனியார் கைக்கு வந்தது 1708-ஆம் வருஷம். தாமஸ் பிட் கவர்னராக இருந்த போது நவாப் தாவூத் கான் ஐந்து கிராமங்களைக் கொடுத்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு ஆகியவற்றோடு கத்திவாக்கமும் சேர்ந்து போயிற்று. அதில் வலை வீசிக் கொண்டிருந்தவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

துரைமார்களுக்கு அந்தக் கழிக்கரை சுலபமாக எட்டியது பாசில் காக்ரேன் என்பவரால். கடற்படைக்கு உணவுப் பொருள் சப்ளை செய்து ஏராளமாகப் பணம் சேர்த்த ஆசாமி. அவருடைய முதலில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டப்பட்டு 1806-இல் முடிந்தது. பிற்காலத்தில் தெற்கிலும் வடக்கிலும் நீண்டு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றதற்கு இதுதான் பிள்ளையார் சுழி. இந்தக் காக்ரேன் பிறகு லண்டனுக்குப் போய் நீராவிக் குளியல் நிலையம் ஒன்று வைத்தார். அங்கே அவரிடம் வேலை பார்த்தவர் சேக் தீன் முகம்மது. 1810-இல் லண்டன் மாநகரில் முதல் இந்திய உணவு விடுதியைத் திறந்த மனிதர்! கால்வாய் எங்கே, கறிச்சோறு எங்கே! சரித்திரம் இப்படித்தான் வேடிக்கையாக முடிச்சுப் போடுகிறது.

அந்தக் கால்வாயில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் பட்டணத்துக்கு வந்தன. எதிர்த் திசையில் உல்லாசப் பயணிகள் போனார்கள். காற்று சாதகமாக இருந்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிறு பிடித்து இழுக்க ஆட்கள். துரைமார்கள் அங்கே பங்களா கட்டினார்கள், மீன் பிடித்தார்கள், பாய்ப் படகு ஓட்டினார்கள். 1870 முதல் உதகமண்டலம் அரசாங்கத்தின் கோடைத் தலைநகரானதும், பெரிய மனிதர்களின் கவனம் மலைப் பக்கம் திரும்பி விட்டது. அவர்களுக்குப் பின் நம்மவர்கள் கட்டுச்சோற்று மூட்டையுடன் போனார்கள்.

நானும் போயிருக்கிறேன். 1962-இல் எங்கள் பள்ளிச் சாரணர் படை அந்த மணல் திட்டில் இரண்டு இரவு தங்கியது. கூடாரத்துக்கு ஆப்பு அடித்தால் மணலில் நிற்கவில்லை. காற்று பிடுங்கிப் போட்டது. சற்று நேரம் வேடிக்கை பார்த்திருந்த குப்பத்துப் பெரியவர் ஒருவர், "தம்பிகளா, ஆப்பெல்லாம் இங்க நிக்காது. சாக்குல மணலைக் கட்டிப் பொதைங்க, அதுல கயித்தைக் கட்டுங்க" என்றார். அப்படியே செய்தோம், கூடாரம் அசையவில்லை. குடிதண்ணீருக்கும் அவரே வழி காட்டினார். திட்டின் மேட்டில் முழங்கை ஆழம் தோண்டியதும் ஊற்றெடுத்தது. இரு பக்கமும் உப்பு, நடுவில் தித்திப்பு! மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது என்ற காரணத்தைப் பின்னால் புத்தகத்தில் படித்தேன். காலையில் கழியில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக் கொண்டிருந்தார்கள்.

எங்கள் படைத் தலைவர் முகாம் குறிப்பேட்டில், "மணலில் கூடாரம் அடிக்கும் முறையைக் கற்றோம்" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். கற்றுக் கொடுத்தவரின் பெயர் அதில் இல்லை. எண்ணூரைப் பற்றித் துரைமார்கள் எழுதியவற்றைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்பேடு ஞாபகத்துக்கு வருகிறது. காற்று இருக்கிறது, மீனின் ருசி இருக்கிறது, கயிறு இழுத்தவன் இல்லை. இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல வரவில்லை. ஆனால் விருந்தாளியின் கண்ணில் ஞாயிற்றுக்கிழமை இடமாக மட்டும் பட்டது, திங்கட்கிழமை காலியான இடமாகிவிட்டது. காலியான இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா?

கொடுத்தார்கள். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1970-இல் அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1990-களில் கழிக்கு வடக்கே இன்னொரு மின்நிலையம், 2001-இல் துறைமுகம். எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தொழிற்சாலைகளால் பிழைத்தன. என் வீட்டு விளக்கும் அந்த மின்சாரத்தில்தான் எரிந்தது. ஆனால் நிலக்கரி எரிந்த சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து கழியில் படிந்தது. பழைய மின்நிலையம் 2017-இல் மூடப்பட்டது, சாம்பல் மூடப்படவில்லை. அதே ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் புகுந்தபோதும், வாளி எடுத்து அதை அள்ளியவர்களில் குப்பத்து ஜனங்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் போயிருந்தேன். கரையில் ஓர் இளைஞர் கறுத்துப் போன வலையை அறுத்து, நல்ல பகுதியை மட்டும் தனியே மடித்துக் கொண்டிருந்தார். மேட்டில் தோண்டினால் நல்ல தண்ணீர் வருமே, இப்போதும் உண்டா என்று கேட்டேன்.

"கேன் தண்ணிதான் சார்" என்றார். பிறகு கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எந்தப் பக்கமா தோண்டினீங்க? எங்க தாத்தா ஒரு எடம் சொல்லுவாரு."

நான் கை காட்டினேன். அவர் எழுந்து நின்று, அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.