சுவரில் நகரும் பை பிறந்த கதை

ஈரம் ஊறும் குளியலறைச் சுவரில், பூசணி விதை போலத் தட்டையாக, சாம்பல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். சுண்ணாம்புச் சில்லு என்று விட்டுவிடுவோம். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அது ஒரு சாண் தள்ளிப் போயிருக்கும். உள்ளே ஒரு புழு குடியிருக்கிறது. நாளைக்கு அந்துப்பூச்சியாகப் போகிற புழு.

தாய் அந்து, தரை இடுக்குகளில் உள்ள குப்பையோடு ஒட்டி ஏறக்குறைய 200 முட்டைகள் இடும். பொரிய 10 நாளுக்கு மேலாகும். வெளிவந்த புழுவுக்கு முதல் வேலை வீடு கட்டுவதுதான். முதலில் பட்டு இழையால் ஒரு வளைவு. அதன் இரு கால்களும் தரையில் ஊன்றியிருக்கும். வளைவின் மேல்புறத்தில் மணல், தூசி, பெயின்ட் துணுக்கு எல்லாவற்றையும் ஒட்டும். பிறகு வளைவை நீட்டி அடிப்பக்கத்தையும் அடைத்தால் குழாய் தயார். வெளியே கரடுமுரடு, உள்ளே சுத்தமான பட்டு. உடம்பு வளர வளரப் பையையும் பெரிதாக்கிக்கொண்டே போகும். கடைசியில் 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம் வரும். எந்த வீட்டுப் பை என்பதை அதில் ஒட்டிய பெயின்டே காட்டிக்கொடுத்துவிடும்!

பைக்கு இரண்டு பக்கமும் வாசல். நடுப்பகுதி அகலம் என்பதால் புழு உள்ளேயே திரும்பி எந்த வாசல் வழியாகவும் தலை நீட்டும். முன்புறம் உள்ள மூன்று ஜோடிக் கால்களால் நடந்து, பையை இழுத்துக்கொண்டு போகும். தொட்டால் உள்ளே போய் வாசலை மூடிக்கொள்ளும். பனாமாவில் இதை வளர்த்துப் பார்த்த அன்னெட் அயெல்லோ 1979இல் இந்த வாழ்க்கையை விரிவாக எழுதினார். பழைய சிலந்தி வலைதான் இதற்கு விருப்பமான தீனி. முடி, கம்பளி, செத்த பூச்சி ஆகியவற்றையும் தின்னும்.

கூட்டுப்புழுப் பருவமும் பைக்குள்தான், சுமார் இரண்டு வாரம். பை முனையில் வெறும் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அந்து பறந்துவிட்டது என்று அர்த்தம்.

பெயர் வைப்பதில்தான் தகராறு. 1892இல் பூச்சியியலாளர் ரெபெல் ஓர் இனத்தை 'அல்லுடெல்லா' என்றார். 1897இல் இன்னொரு பூச்சியியலாளர் வால்சிங்ஹாம் வேறோர் இனத்துக்கு 'உடெரெல்லா' என்று பெயரிட்டார். இவற்றுக்கான 'ஃபெரியோகா' பேரினம் 1956இல்தான் வந்தது. முன் இறக்கையில் கரும்புள்ளிகள் கொண்ட இந்தச் சாம்பல் அந்துகளின் இனத்தைப் பையை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது.

மருந்து அடிக்க வேண்டாம். ஒட்டடை அடியுங்கள், வலை போனால் அதன் சாப்பாடும் போய்விடும்.