எலும்புமுறிவு, விபத்துக்காய மருத்துவம்: அமிர்தி – வேலூர் வட்டாரம்

ஜவ்வாது மலையில், வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ளது அமிர்தி. புளியமரத்திலிருந்து விழுந்து தொடை ஒடிந்தவரும், மலைச்சாலை வளைவில் பைக்கோடு சாய்ந்தவரும் சிக்கலான முறிவுக்குச் சிகிச்சை பெற வேலூர்ப் பக்கம் இறங்கியாக வேண்டும். ஆகவே இவ்வூரின் எலும்பு மருத்துவ வரலாற்றை வேலூரோடு சேர்த்தே சொல்ல முடியும்.

மருத்துவமனைகளுக்கு முன்பு நாட்டுக்கட்டுதான். ஒடிந்த எலும்பை இழுத்து நேராக்கி, மூங்கில் தப்பை வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியால் சுற்றுவார்கள். ஆந்திர எல்லையில் உள்ள புத்தூர்க் கட்டு இன்றும் இவ்வட்டாரத்தாரை ஈர்க்கிறது. விலகாத எளிய முறிவு அதில் கூடிவிடும். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் காயத்துக்கு அது உதவாது. கட்டு இறுகி இரத்த ஓட்டம் நின்றால், விரல்கள் கறுத்து, கையையே எடுக்க நேரும்.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணியே கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்தது. கொல்லிமலையில் பிறந்து, போர்க்கால லண்டனில் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த பால் பிராண்ட் 1946இல் அங்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறையை அவர் வளர்த்தெடுத்தார்.

அங்கேயே பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் அவரது முயற்சியால் மறுவாழ்வு நிலையம் உருவானது. எலும்பு கூடிய பிறகும் ஏர் பிடிக்க, படியேற, கழிப்பறை செல்ல ஒருவரைப் பழக்குவது மருத்துவமனையின் வேலையே என்பதை இந்நிலையம் நடைமுறையாக்கியது. இவ்வட்டாரம் இத்துறைக்கு அளித்தவற்றுள் இதையே தலையாயதாகக் கொள்ள வேண்டும்.

எலும்புமுறிவுக்கான அறுவை முறைகளோ வெளியிலிருந்து வந்தன. ஜெர்மானியர் கியூன்ட்ஷர் 1939இல் தொடை எலும்பின் உட்குழலில் நீண்ட கம்பியைச் செலுத்தினார். காலில் எடை கட்டி மாதக்கணக்கில் படுத்திருந்த நிலை பின்னாளில் இதனால்தான் மாறியது.

நசுங்கிய காலைக் காப்பதா, எடுப்பதா என்ற கடினமான கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை பிறந்தது. 1978இல் தொடங்கப்பட்ட கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு 2006இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றின் சேதத்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். தாமதமாக வருதல், நீரிழிவு, வயது போன்ற ஒவ்வொரு பாதகத்துக்கும் கூடுதலாக 2. மொத்தம் 14 வரை வந்தால் காலைக் காக்கலாம். 17ஐ எட்டினால் எடுப்பதே நல்லது. இடைப்பட்டது அனுபவசாலி மருத்துவரின் முடிவுக்கு உரியது. எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் முதல் நாளிலேயே ஒரே மேசையருகே நின்று காயத்தைக் கழுவி, செத்த தசையை நீக்கிப் பார்த்த பின்பே இப்படி எடைபோட முடியும்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அமிர்தியிலிருந்து வருபவருக்குக் கணியம்பாடியைத் தாண்டியதும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சி.எம்.சி.யின் விபத்துக்காய மையம் 2022இல் திறந்த இராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது.

ஜவ்வாது மலையில் வண்டி போகாத ஊர்களும் உண்டு. அங்கிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள். நாட்டு வைத்தியரின் மூங்கில் தப்பைக்கு இங்கே நல்ல பயன் உண்டு. மேல்மூட்டும் கீழ்மூட்டும் அசையாதபடி, விரல்நுனி சிவப்பு மாறாத அளவுக்குத் தளர்வாகக் கட்டித் தூக்கினால், ஒடிந்த எலும்பின் முனை இரத்தக்குழாயைக் கிழிக்கும் ஆபத்து பெரிதும் குறையும்.