கேட்டோர் பேசுவோர் ஆன வரலாறு

பிறர் நடத்திய ஏடுகளில் நம் சொல்லுக்கு இடமில்லாத காலத்தில், நம் முன்னோர் தாமே ஏடு நடத்தினர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழையும், பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினர். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் தொடங்கிய இதழுக்கு ‘மூக்நாயக்’, அதாவது ‘ஊமையரின் தலைவன்’ எனப் பெயரிட்டார். எனினும், அச்சிட்ட ஏடு எழுத்தறிந்தோரையே நேரே சென்றடையும். எழுத்தறியாதோர் செவியையும் எட்டவல்லது வானொலி.

அவ்வானொலி சென்னையில் 1924-இலேயே ஒலிக்கத் தொடங்கிற்று. 1938-இல் அகில இந்திய வானொலியின் நிலையமும் அங்கே அமைந்தது. ஆயினும் நம் இளமைக்காலத்தில் ஊராட்சி வானொலிப் பெட்டி ஊர்த்தெருவிலேயே இருந்தது. நம் பெரியோர் எட்ட நின்றே செய்தி கேட்டனர். நம் சேரியின் பேச்சு அப்பெட்டியிலிருந்து ஒலிக்க நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்நிலை மாற ஒரு தீர்ப்பு வழிவகுத்தது. வானலைகள் பொதுச்சொத்து என 1995 பிப்ரவரி 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அவ்வழக்கை விசாரித்தோருள் ஒருவர் நீதிபதி பி.பி. சாவந்த். ஆயினும், தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என நடுவண் அரசு இசைய 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதுவரை கைகட்டி நில்லாதவர்கள், அன்றைய ஆந்திர மாநிலத்து மேதக் மாவட்டத் தலித் பெண்கள். தக்காண வளர்ச்சிக் கழகத்தின் துணையோடு ஊர்தோறும் சங்கம் அமைத்த அவர்கள் சிறு உழவர், பலர் எழுத்தறியாதவர். உரிமம் கிடைக்குமுன்னரே நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டனர். 2008 அக்டோபர் 15-ஆம் நாள் மச்னூர் சிற்றூரில் ‘சங்கம் வானொலி’ தொடங்கிற்று. தொடங்கி வைத்தவர் அதே நீதிபதி சாவந்த்! நிலையப் பொறுப்பை ஏற்றோர், நரசம்மா என ஒரே பெயர் கொண்ட இரு இளம்பெண்கள். விதை, மானாவாரி வேளாண்மை, உடல்நலம், நாட்டுப்பாடல் ஆகியன அவர்கள் நிகழ்ச்சிகளாயின.

அவர்கள் பேசியது ஏட்டுத் தெலுங்கு அன்று; தம் வட்டாரத் தெலுங்கு. இங்கு நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டுமொழியில் வாய் திறந்தபோதெல்லாம் ‘திருத்திப் பேசு’ என்றே வகுப்பில் பல்லாண்டு சொல்லியிருக்கிறோம். தேர்வுக்கு அது வேண்டியதே. ஆனால் விதையின் பெயரும், நோயின் பெயரும், கூலி மறுக்கப்பட்ட நாளின் நினைவும் அம்மொழியிலேயே வாழ்கின்றன. மொழியைத் திருத்தினால் அவையும் உதிர்ந்துவிடும்.

இளைஞர்காள்! இன்று உங்கள் கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. முதியோரின் இசைவு பெற்று அவர்முன் அமருங்கள். பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கருவியை அவர் வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என முடியும் வினாக்களை விடுத்து, ‘அன்று என்ன நடந்தது?’ எனக் கேளுங்கள், இடைமறியாதீர்கள். அவர் சொல்லத் தயங்கும் மௌனமும் சான்றே, அதனை வெட்டாதீர்கள். மூலப்பதிவை அப்படியே காத்து, படியெடுத்ததையே சுருக்குங்கள்.

நம் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் சிலர், இவ்வெள்ளிவிழாவைக் காண நம்மிடை இல்லை. அவர்தம் நிழற்படங்கள் சுவரில் உள்ளன. குரல் எந்த நாடாவிலும் இல்லை. இப்பிழை நம்முடையது. எஞ்சியிருப்போரின் குரலையேனும் இவ்வாண்டு முடியுமுன் பதிந்து வைப்போமாக!