அப்பா சேர்த்த கிண்ணங்கள், மகன் செய்த கிண்ணங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஒரு டம்ளர் காபியோடு உட்காருங்கள்.

ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தின் படத்தை அனுப்பியிருந்தான். "டீச்சர், இங்கே இதைப் பெரிய கலைப்பொருள் மாதிரி பேசுறாங்க. எனக்கு நம்ம வீட்டு மாவுக் கிண்ணம் மாதிரிதான் தெரியுது. இதுல என்ன இருக்கு?" என்று கேட்டிருந்தான். நல்ல கேள்வி. பதில் ஒரு வரியில் அடங்காது. அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் ஓர் அப்பாவும் மகனும், ஐம்பது வருட வாக்குவாதமும் இருக்கின்றன.

அப்பா பெயர் யானகி சோயெட்சு. 1889-ல் டோக்கியோவில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்தினார். ஐரோப்பியக் கலை என்றால் உயிர். அந்தக் குழு பிரெஞ்சுச் சிற்பி ரோடினுக்கு ஜப்பானிய அச்சு ஓவியங்களை அனுப்ப, அவர் பதிலுக்குச் சிறு வெண்கலச் சிற்பங்களை அனுப்பினார். அவற்றைப் பார்க்க 1914-ல் ஒருவர் யானகி வீட்டுக்கு வந்தார். பெயர் அசகாவா நோரிடாகா. கொரியாவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் (நம் இனம்தான்!). வெறுங்கையோடு வரக்கூடாது என்று கொரியப் பீங்கான் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தார். ரோடினைக் காட்டக் காத்திருந்த யானகி, அந்த ஜாடியைப் பார்த்து அசந்துபோனார். அடுத்த சில ஆண்டுகளில் கொரியாவுக்குப் பலமுறை போய்வந்தார்.

இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். 1910 முதல் கொரியா ஜப்பானின் அடிமை நாடு. 1919 மார்ச்சில் கொரிய மக்கள் சுதந்திரம் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், ஜப்பானியப் படை சுட்டது. யானகி அதைக் கண்டித்து ஜப்பானியப் பத்திரிகையிலேயே எழுதினார். சியோல் அரண்மனையின் பெரிய வாயிலை இடித்துவிட்டு அங்கே அரசுக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது, 1922-ல் மறுபடி எழுதினார். வாயில் இடிபடவில்லை, வேறு இடத்துக்கு நகர்த்தப்பட்டது. 1924-ல் அதே அரண்மனை வளாகத்தில் கொரிய மக்கள் கலைக்கென ஒரு சிறு அருங்காட்சியகம் திறந்தார். அதற்குத் துணை நின்றவர் நோரிடாகாவின் தம்பி டகுமி, வனத்துறை ஊழியர். கொரிய மொழி பேசி, கொரிய உடை உடுத்தி வாழ்ந்த அவர் 1931-ல் இளம் வயதிலேயே இறந்தார். கல்லறை இன்றும் சியோலில் இருக்கிறது.

யானகியைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம். கொரியக் கலை முழுவதையும் சோகத்தின் அழகு என்று அவர் சொன்னதைக் கொரிய அறிஞர்கள் பிற்பாடு கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனம் நியாயம்தான் என்பது என் கருத்து. அடிமைப்பட்டவனின் கிண்ணத்தை ரசிப்பது சுலபம். அவன் உரிமையைக் கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

ஆனாலும் அவர் கண் கூர்மையானது. கியோட்டோ கோயில் ஒன்றில் பல நூற்றாண்டுப் பழமையான கொரியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. தேநீர்ச் சடங்கில் தலைசிறந்த கிண்ணம் என்று பெயர் பெற்றது, தேசியப் பொக்கிஷம். 1931-ல் பல உறைகளைப் பிரித்து அதை அவருக்குக் காட்டினார்கள். அவர் கண்டது, ஏழைக் குயவர் ஏழை வீட்டுக்குச் செய்த சோற்றுக் கிண்ணத்தை. அழகாகச் செய்ய வேண்டும் என்று அந்தக் குயவர் நினைக்கவே இல்லை, அழகு அங்கேதான் இருக்கிறது என்பது அவர் வாதம்.

இந்த எண்ணத்துக்கு 1925-லேயே அவரும் குயவர் நண்பர்கள் ஹமாடா ஷோஜி, கவாய் கன்ஜிரோ இருவரும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மிங்கெய். மின் என்றால் மக்கள், கெய் என்றால் கலை. பெயர் தெரியாத கைகள், தினப்படி புழக்கத்துக்கு, நிறையச் செய்து, மலிவாக விற்ற பொருள்கள்தான் மிங்கெய். ஊர் ஊராக அலைந்து கூடை, துணி, தேநீர்க் கெண்டி, அரிவாள் பிடி என்று சேர்த்தார்கள். 1936-ல் டோக்கியோவின் கோமாபா பகுதியில் அருங்காட்சியகம் எழுந்தது. (இடையில் ஒரு செய்தி: 1940-ல் ஒகினாவா மக்கள் தம் சொந்தப் பேச்சை விட வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தியபோது அதை எதிர்த்தவர்களில் யானகியும் ஒருவர். மொழி விஷயம் என்பதால் நம்மவர்களுக்குப் பிடிக்கும்.)

இப்போது சிக்கலுக்கு வருவோம். மஷிகோ என்ற ஊர் 19-ஆம் நூற்றாண்டில் டோக்கியோ அடுக்களைகளுக்கு மண்பாண்டம் அனுப்பிய ஊர். அங்கே மினகாவா மசு என்ற பெண்மணி தேநீர்க் கெண்டிகளில் மலையும் நீருமாக ஒரே சித்திரத்தை நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் தீட்டிக்கொண்டிருந்தார். கூலி வேலைதான். அதே ஊரில் ஹமாடா குடியேறினார். தன் பானைகளில் கையெழுத்துப் போடாமல் இருந்தார். ஆனாலும் உலகப் புகழ் அவரைத் தேடி வந்தது. 1955-ல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவித்தது. கவாய்க்கு அந்தப் பட்டத்தைத் தர முன்வந்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். கையெழுத்தே இல்லாத ஹமாடா பானையைக்கூடப் பணக்காரர்கள் தேடி வாங்கினார்கள். மக்கள் பொருள் மக்களால் வாங்க முடியாத பொருளானது. அடுக்களையில் அந்த இடத்தைப் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிடித்துக்கொண்டன.

இங்கேதான் மகன் வருகிறார். யானகி சோரி, 1915-ல் பிறந்தவர். முதலில் அப்பாவின் பழம்பொருள் பைத்தியம் அவருக்குப் பிடிக்கவில்லை, புதுமைதான் வேண்டும் என்றிருந்தார். 1940-ல் ஜப்பானுக்கு அழைக்கப்பட்ட பிரெஞ்சு வடிவமைப்பாளர் சார்லோட் பெரியாண்டுக்கு உதவியாளராக ஊர் ஊராகப் போனபோது பழைய பொருள்களைப் புதுக் கண்ணால் பார்த்தார். போருக்குப் பின் டெண்டோ ஊர்த் தச்சர் நிறுவனத்தோடு சேர்ந்தார். போர்க்காலத்தில் குண்டுப் பெட்டிகளும், எதிரியை ஏமாற்ற மரப் போலி விமானங்களும் செய்த தச்சர்கள் அவர்கள். அந்தக் கைகள் ஒட்டுப்பலகையை வளைத்து, ஒரே மாதிரியான இரண்டு துண்டுகளைப் பித்தளைக் கம்பியால் இணைத்து 1954-ல் ஒரு முக்காலி செய்தன. 'பட்டாம்பூச்சி' என்று பெயர். 1957-ல் மிலானில் தங்கப் பரிசு கிடைத்தது.

எனக்கு முக்காலியைவிடக் கிண்ணம்தான் முக்கியம். சோரி காகிதத்தில் படம் போட்டு வேலையைத் தொடங்குபவர் அல்லர். பிளாஸ்டரில் உண்மை அளவில் செய்து, கையில் பிடித்து, செதுக்கி, மறுபடி பிடித்துப் பார்ப்பார். 1960 வாக்கில் அவர் வடிவமைத்த எவர்சில்வர் கிண்ணங்களை அளவுவாரியாகப் பாருங்கள். ஒன்றின் பெரிதாக்கிய நகல் அல்ல மற்றொன்று. முட்டை அடிக்கும் கிண்ணத்துக்கு ஓர் ஆழம், காய் கழுவும் கிண்ணத்துக்கு வேறு ஆழம். விளிம்பில் அழுக்குச் சேர இடுக்கு கிடையாது. பளபளப்பும் இல்லை. செய்வது இயந்திரம், வாங்குவது சாதாரணக் குடும்பம்.

இவை உருவாகும் ட்சுபாமே ஊருக்கும் ஒரு கதை உண்டு. ஆற்று வெள்ளத்தில் பயிரை இழந்த விவசாயிகள் 17-ஆம் நூற்றாண்டில் ஆணி அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிறகு செம்புப் பாத்திரம், புகைக்குழாய். மேல்நாட்டு ஆணி இறக்குமதியாகி ஆணித் தொழில் படுத்தது, சிகரெட் வந்து புகைக்குழாய் போனது. முதல் உலகப் போர்க் காலத்தில் கரண்டியும் முள்கரண்டியும் செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பொருள் மாறியது, உலோகம் அறிந்த கை மாறவில்லை. 1974-ல் ஜப்பான் அரசு பாரம்பரியக் கைத்தொழிலுக்குச் சட்டம் கொண்டுவந்தபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, பொருள் அன்றாட வாழ்வில் பயன்பட வேண்டும் என்பது.

அப்பாவின் கொள்கையை முறித்தவர் சோரி என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1977-ல் கோமாபா அருங்காட்சியகத்தின் இயக்குநர் பொறுப்பை அவரே ஏற்றார், பல ஆண்டுகள் நடத்தினார்.

டோக்கியோ பக்கம் இருக்கும் பிள்ளைகள் ஒருநாள் போய்ப் பாருங்கள், திங்கட்கிழமை விடுமுறை. பொருள்களுக்குப் பக்கத்தில் நீண்ட விளக்கம் தேடாதீர்கள். கறுப்புப் பலகையில் சிவப்பு எழுத்தில் ஓரிரு சொற்கள்தான் இருக்கும். பார்ப்பவர் முதலில் பொருளைப் பார்க்கட்டும் என்று அப்பா யானகி அப்படி வைத்தார்.